தாபரிப்புக் கட்டளை இருக்கிறது, காசு வரவில்லை: திருகோணமலையில் நிலுவையை அறவிடும் வழி

பிள்ளையின் தகப்பன் மாதாமாதம் இவ்வளவு தாபரிப்புக் காசு, அதாவது பிள்ளையைப் பராமரிக்கும் செலவுக் காசு, கட்ட வேண்டும் என்று நீதவான் கட்டளை போட்டுவிட்டார். தொடக்கத்தில் ஒழுங்காக வந்த காசு பிறகு பாதியானது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. இந்த இடத்தில் நிற்கும் தாய்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாபரிப்பு வழக்கு எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். கட்டளை கிடைத்த பிறகு காசைக் கையில் எடுப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. என் மகளின் காசுக்காக நானும் இந்த வழியில் அலைந்தேன். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. எது சரி என்று பிடிபடவே நிறைய நாள் போய்விட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று உங்களுக்காக யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். வராத ஒவ்வொரு மாதத்தையும் எழுத்தில் கொண்டுபோய் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியது நீங்கள்தான். வைத்தால் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. வைக்காவிட்டால் கட்டளை வெறும் தாளாகவே கிடக்கும்.

1. கட்டளை எந்த மன்றினுடையது என்று பாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் இதில்தான் பலர் முதல் நாளே தவறான வாசலில் போய் நிற்கிறார்கள். நீதவான் நீதிமன்றம் திருகோணமலை நகரிலும் இருக்கிறது, மூதூரிலும் கந்தளாயிலும் இருக்கிறது. உங்களுக்கு எது கிட்ட என்பது இப்போது முக்கியமில்லை. கட்டளை போட்டது எந்த மன்றோ, நிலுவைக்கும் அங்கேதான் போக வேண்டும். புது வழக்குப் போடத் தேவையில்லை. அதே வழக்கு இலக்கத்தில்தான் எல்லாம் நடக்கும். "திரும்ப முதலில் இருந்து வழக்குப் போட வேண்டும்" என்று யாராவது சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கம் அநேகமாகக் கட்டளை, முஸ்லிம் விவாக வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் இருந்து வந்திருக்கும். நிலுவை என்றால் முதலில் காதியாரிடமே எழுத்தில் முறையிட வேண்டும். அவர் நிலுவைத் தொகையைக் குறித்து நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்புவார். தண்டப்பணம் அறவிடுவது போல நீதவான் அதை அறவிடுவார். காதியார் முன்னிலையில் சட்டத்தரணி உங்களுக்காக வாதாட முடியாது என்பதால் கணக்கை நீங்களே தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அங்கே என்ன இலக்கம் விழுந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் காகிதம் தங்கிவிட்டால் உங்களைத் தவிரக் கவலைப்பட ஆள் இருக்காது.

விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றம் போட்ட கட்டளை என்றால் அது குடியியல் வழக்கு முறையில் போகும். அதற்குச் சட்டத்தரணி இல்லாமல் இறங்க வேண்டாம். கீழே நான் எழுதுவது நீதவான் நீதிமன்றக் கட்டளை வைத்திருப்பவர்களுக்கு.

2. ஒரு கோவை தயார் செய்யுங்கள்

தடிப்பான அட்டைக் கோவை ஒன்று வாங்கி, கீழே சொல்பவற்றை அதில் போடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக் கொப்பி எடுங்கள். மூலப்பிரதியை நீதிமன்றம் கேட்டால் காட்டுங்கள், ஒப்படைக்காதீர்கள்.

கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி முதலாவது. இதற்கு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சிறிய கட்டணம் கட்ட வேண்டும். போன அன்றே கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பழைய வழக்குக் கோவை ஆவணக் காப்பறையில் இருந்தால் தேடி எடுக்க நாள் பிடிக்கும். அதனால் மற்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே இதற்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரதி கையில் வந்ததும் மூன்று விடயம் சரிபாருங்கள்: மாதத் தொகை எவ்வளவு, எந்தத் திகதியில் இருந்து கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும். இந்த மூன்றில்தான் பிறகு சண்டை வரும்.

இவற்றோடு உங்கள் தேசிய அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், காசு வரும் வங்கிக் கணக்குப் புத்தகம் அல்லது கூற்று, நீதிமன்றத்தில் காசு எடுத்திருந்தால் அந்தப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றையும் வையுங்கள். பிள்ளையின் பாடசாலைச் செலவு, மருந்துச் சிட்டைகள் நிலுவைக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் தவணை முறையில் கட்டுகிறேன் என்று தகப்பன் இழுக்கும் நாளில் உதவும்.

இன்னொரு தாளில் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்: முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், இப்போது இருக்கும் விலாசம், தாய் தகப்பன் வீட்டு விலாசம், வேலை இடம், வாகன இலக்கம், ரெலிபோன் இலக்கம், அண்மையில் எடுத்த படம். இந்த ஒரு தாள் ஐந்தாவது படியில் பொன்னாகும்.

3. நிலுவைக் கணக்கை மாதம் மாதமாக எழுதுங்கள்

"ஒரு வருசமாக ஒன்றும் தரவில்லை ஐயா" என்று மன்றில் சொல்வதில் பயன் இல்லை. எதிர்த் தரப்பு உடனே "இடையில் கொடுத்தேன்" என்று சொல்லும். நீதவான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கணக்கோடு வாருங்கள் என்று வேறு திகதி போடுவார். அதோடு ஒரு மாதம், சில வேளை இரண்டு மாதம் போய்விடும்.

நான்கு நிரல் போடுங்கள்: மாதம், கட்ட வேண்டிய தொகை, கட்டிய தொகையும் திகதியும், மிச்சம். உதாரணத்துக்குக் கட்டளை மாதம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். 14 மாதத்துக்கு 210,000 ரூபாய். அதில் மூன்று முறை 5,000 வீதம் வந்திருந்தால் 15,000 கழியும். நிலுவை 195,000. இதை ஒரே பக்கத்தில், எழுத்துத் தெளிவாக, அடியில் கையொப்பமும் திகதியும் வைத்துக் கொண்டுபோனால் யாரும் மறுக்கச் சிரமப்படுவார்கள். வந்த காசை மறைக்கவே மறைக்காதீர்கள். கணக்கில் ஒரு 5,000 ரூபாய் பொய் என்று தெரிந்தால் மிச்ச 195,000 ரூபாயையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

கையில் தரும் காசுதான் பெரிய பொறி. மாமியார் வந்து, "தம்பி தரச் சொன்னவன்" என்று கொஞ்சம் தந்துவிட்டுப் போவார். வாங்குங்கள், பிள்ளைக்குத்தானே. ஆனால் திகதி போட்டு, தொகை எழுதி, இரண்டு பேரும் கையொப்பம் வைத்த சிட்டை ஒன்று வேண்டும். உடுப்பு, சைக்கிள், பிறந்தநாள் கேக் எல்லாவற்றையும் தாபரிப்புக் காசாகக் காட்டப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படி ஏதாவது வாங்கித் தந்தால், அது மாதக் காசில் சேராது என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய தாளில், பாதிக் காசை வைத்துக்கொண்டு ஒருபோதும் கையொப்பம் போடாதீர்கள்.

4. மன்றுக்கு அறிவியுங்கள்

இரண்டு மாதம் தவறிய உடனேயே இதைச் செய்யுங்கள். நிலுவை பெருகப் பெருக அவர் அதைக் கட்டும் நிலையும் குறையும், நீதிமன்றமும் சிறு சிறு தவணையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டி வரும். இரண்டு மாதக் கடனை ஒரு நாளில் கட்ட வைக்கலாம். இரண்டு வருசக் கடனை அப்படி முடியாது.

சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் (வழக்கைத் திரும்பக் கூப்பிடும்படி மன்றைக் கேட்கும் விண்ணப்பம்) கொடுத்து வழக்கை அழைப்பிப்பதுதான் வழமையான முறை. அதோடு நிலுவைக் கணக்கையும், தேவை என்றால் சத்தியக்கடதாசியையும் (சத்தியம் செய்து கையொப்பம் வைக்கும் எழுத்து வாக்குமூலம்) இணைப்பார்கள். சட்டத்தரணி வைக்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் சட்டத்தரணியை ஒழுங்கு செய்து தருவார்கள். தாபரிப்பு அவர்கள் தினமும் பார்க்கும் வேலை. கிராம சேவகர் தந்த வருமானக் கடிதத்தில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் வாங்கிக்கொண்டு போனால் இன்னொரு முறை நடக்க வேண்டி வராது. கட்டளையின் பிரதியும் மேலே சொன்ன கணக்குத் தாளும் கையில் இருக்கட்டும்.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தமாகச் சட்டத்தரணி வைத்தால், முழு வேலைக்கும் இவ்வளவு என்று கேட்கிறாரா, ஒவ்வொரு தவணைக்கும், அதாவது வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு நாளுக்கும், இவ்வளவு என்று கேட்கிறாரா என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி முடியுங்கள். தவணைக்கு இவ்வளவு என்பது கேட்கும்போது குறைவாகத் தெரியும். ஆனால் எதிராளி வராத நாள், நீதவான் விடுமுறையில் போய்ப் பதில் நீதவான் திகதி மட்டும் போட்டுவிடும் நாள் எல்லாம் தவணைதான். அப்படிப்பட்ட நாளுக்கும் முழுக் கட்டணமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல சட்டத்தரணிகள் இதற்குக் கோபிக்க மாட்டார்கள்.

இதைத் தவிர பஸ் காசு, போட்டோக் கொப்பி, அன்று இழக்கும் நாட்கூலி. வெருகல், புல்மோட்டை போன்ற தூர இடங்களில் இருந்து வருபவர்களுக்கு இதுதான் சட்டத்தரணிக் காசை விடப் பாரமாக இருக்கும். காலை 9 மணிக்கு முன் மன்றில் நிற்க வேண்டும். வழக்குக் கூப்பிடும்போது நீங்கள் இல்லை என்றால் அன்றைய நாள் போயிற்று. சிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியுமானால் நல்லது. எத்தனை மணிக்கு வழக்கு வரும் என்று சொல்ல முடியாது, உள்ளே ரெலிபோனும் பாவிக்க முடியாது.

5. அறிவித்தலும் பிடியாணையும்

உங்கள் முறைப்பாடு ஏற்கப்பட்டதும் அவருக்கு ஒரு திகதியில் வரும்படி அறிவித்தல் போகும். வந்தால் சரி. வராவிட்டால் பிடியாணை பிறப்பிக்கலாம். அதற்கும் அகப்படாவிட்டால் எந்தப் பொலிஸும் பிடிக்கக்கூடிய பகிரங்கப் பிடியாணை கேட்கலாம். காகிதத்தில் இது நேரான பாதை. நடப்பில் காசு நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. பிடியாணை அவர் இருக்கும் இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறது. வழக்குக் கோவையில் இருப்பது வழக்குப் போட்ட காலத்து விலாசம். அவர் அங்கே இருந்து எப்போதோ மாறியிருப்பார். பொலிஸார் போய்ப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த தவணையில் திரும்ப அதே பிடியாணை, அதே விலாசம். என் விடயத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் பிடியாணை வந்ததையே இல்லை என்றார்கள். நீதிமன்றத்தில் அனுப்பிய திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பப் போன பிறகுதான் அது ஒரு கட்டுக்குள் இருந்து வெளியே வந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிடியாணை கட்டளையிடப்பட்ட நாளுக்கு ஓரிரு கிழமை கழித்து நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு, எந்தத் திகதியில், எந்த இலக்கத்தில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அந்த விவரத்தோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பிடியாணைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். இரண்டாவது படியில் எழுதிய தாளின் பிரதியைக் கொடுங்கள். பிள்ளையின் தகப்பன் எப்போது வீட்டில் இருப்பார், கடலுக்குப் போய் எப்போது கரை திரும்புவார், எந்த ஓட்டோத் தரிப்பிடத்தில் நிற்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த உத்தியோகத்தருக்குக் கையில் நூறு பிடியாணை இருக்கும். எளிதாகப் பிடிக்கக்கூடியதைத்தான் முதலில் எடுப்பார். அவர் வேலையை எளிதாக்கிக் கொடுங்கள்.

விலாசம் மாறியிருந்தால் பொலிஸிடம் மட்டும் சொல்லி விடாதீர்கள். மன்றிலும் சொல்லிப் புது விலாசத்தைக் கோவையில் ஏற்றுங்கள். அவர் சிங்களம் பேசும் ஊரில் வேலை என்றால், போகும் காகிதங்களோடு சிங்கள மொழிபெயர்ப்பும் சேர்ந்து போகிறதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். தமிழில் மட்டும் போன பிடியாணையை அங்கே யாராவது வாசித்துச் சொல்லும் வரை வைத்திருக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. பொலிஸ் நிலையத்தில் வைத்து, "இரண்டு பேரும் பேசி முடியுங்கள், கொஞ்சம் வாங்கிக்கொண்டு போங்கள்" என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பிடியாணையில் பிடித்தவரை மன்றின் முன் கொண்டுபோவதுதான் பொலிஸின் வேலை. தொகையைக் குறைத்துப் பேசுவது அவர்கள் வேலை இல்லை. நல்ல எண்ணத்தில் சொன்னாலும் உங்கள் பிள்ளைக்குத்தான் நட்டம்.

பிடியாணை வந்த கோபத்தில் அவரோ அவர் வீட்டாரோ மிரட்டினால் தனியாக முறைப்பாடு போடுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

6. அவர் மன்றில் நிற்கும் நாள்

இந்த நாளுக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். ஏன் கட்டவில்லை என்று நீதவான் கேட்பார். சொல்லப்படும் பதில்கள் அநேகமாக மூன்றுதான்: வேலை இல்லை, வேறு குடும்பம் இருக்கிறது, பிள்ளையைக் காட்டுகிறாள் இல்லை.

வேலை போனது உண்மையாகவே இருக்கலாம். அப்படி என்றால் கட்டளைத் தொகையைக் குறைக்கும்படி அவர் மன்றில் விண்ணப்பிக்க வேண்டும். அது மாற்றப்படும் வரை பழைய தொகைதான் மாதாமாதம் கடனாக ஏறும். தானே முடிவெடுத்து நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. பிள்ளையைக் காட்டவில்லை என்பதும் காசை நிறுத்தக் காரணம் ஆகாது. காசு பிள்ளையின் உரிமை, பார்க்கும் உரிமை வேறு விடயம். அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும். காசு தரவில்லை என்பதற்காகத் தகப்பனைப் பார்க்க விடாமல் வைத்தால், மன்றில் அவர் பேச ஒரு வாயை நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள். பிள்ளைக்கும் அது நல்லதில்லை.

போதிய காரணம் இல்லை என்றால் நீதவானுக்கு இரண்டு பெரிய அதிகாரம் இருக்கிறது. அசையும் சொத்துகளைக் கைப்பற்றி விற்று அறவிடும்படி ஆணையிடலாம். அதோடு, கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 14 மாத நிலுவை வைத்திருப்பவருக்கு இது சின்ன விடயம் இல்லை. சிறைக் கதவு தெரிந்ததும் உறவினர்கள் ஓடி வந்து ஒரு பகுதியையாவது கட்டுவது வழமை.

அப்போதுதான் அடுத்த கேள்வி வரும்: மிச்சத்தை மாதம் இவ்வளவு என்று கட்டட்டுமா? இதற்கு என்ன பதில் என்று வீட்டில் இருந்தே யோசித்துக்கொண்டு போங்கள். நான் சொல்வது இதுதான். நிலுவைக்கான தவணைக் காசும் நடப்பு மாதக் காசும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். "மாதம் 20,000 கட்டுவார்" என்று மொட்டையாக எழுதினால், அதில் 15,000 நடப்பு மாதத்துக்கு, நிலுவையில் 5,000 மட்டும்தான் கழிகிறது என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. ஒரு தவணை தவறினாலும் வழக்கு உடனே கூப்பிடப்படும்படி அடுத்த திகதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். திகதி இல்லாமல் வீட்டுக்கு வந்தால் திரும்ப நான்காம் படியில் இருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்றும் அன்றே கேளுங்கள். காசு நீதிமன்றத்தில் கட்டப்பட்டு, நீங்கள் போய் எடுத்து வருவதாக இருந்தால், இனி உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராகப் போடும்படி கட்டளையைத் திருத்தக் கேளுங்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். அதைவிடப் பெரிய நன்மை, வங்கிப் புத்தகமே உங்கள் நிலுவைக் கணக்காகிவிடும்.

வெளியே வராந்தாவில் வைத்து, "வழக்கை வாபஸ் வாங்கு, நான் ஒழுங்காகத் தருகிறேன்" என்று கேட்பார்கள். அவர் மாமா கேட்பார், கோயில் தலைவர் கேட்பார், உங்கள் சொந்த அண்ணாவே கேட்பார். எந்த உடன்பாட்டையும் மன்றின் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். வழக்கை மட்டும் விடாதீர்கள்.

7. சம்பளம் வாங்குபவர் என்றால்

இது எல்லாவற்றிலும் உறுதியான வழி. தொழில் தருநர் அவர் சம்பளத்தில் இருந்து தாபரிப்புக் காசை வெட்டி அனுப்பும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆசிரியர், துறைமுகத் தொழிலாளி, கடற்படை வீரர், தொழிற்சாலை ஊழியர் என்று மாதச் சம்பளக்காரர் யாராக இருந்தாலும் இதைக் கேளுங்கள். பிடியாணைக்குப் பின்னால் ஓடுவதை விட இது எவ்வளவோ மேல்.

தேவையானவை: நிறுவனத்தின் சரியான பெயரும் விலாசமும், சம்பளம் தயாரிக்கும் அலுவலகம் எது என்பது, அவருடைய ஊழியர் இலக்கம். இரண்டாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆசிரியரின் சம்பளம் பாடசாலையில் தயாராவதில்லை, வலயக் கல்விப் பணிமனையில் தயாராகிறது. கட்டளை அதிபரின் மேசைக்குப் போனால் அங்கேயே கிடக்கும். படையில் இருப்பவர் என்றால் சேவை இலக்கம் வேண்டும். கட்டளை போன பிறகு அடுத்த சம்பளத்திலேயே வெட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியல் முடிந்திருந்தால் அதற்கடுத்த மாதம்தான்.

அவர் வேலை மாறினால் பழைய தொழில் தருநருக்குப் போன கட்டளை புது இடத்தைப் பிடிக்காது. காசு நின்ற மாதமே மன்றுக்கு அறிவித்துப் புது இடத்துக்குக் கேட்க வேண்டும்.

8. சம்பளம் இல்லாதவர் என்றால்

எங்கள் கரையோரத்தில் இதுதான் கூட. கடலுக்குப் போகிறவர், மேசன், ஓட்டோ ஓடுகிறவர். கையில் காசு புழங்கும், காகிதத்தில் ஒன்றும் இருக்காது. இங்கே சொத்து எது, அது யார் பெயரில் என்பதுதான் எல்லாம்.

வள்ளம், வெளியிணைப்பு எஞ்சின், வலை, மோட்டார் சைக்கிள் எல்லாம் அசையும் சொத்துதான். வள்ளம் பதிவு என்றால் கடற்றொழில் திணைக்களத்தில் விவரம் இருக்கும், வாகனம் என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில். உங்கள் சட்டத்தரணி ஊடாக உரிமை விவரம் எடுத்து மன்றில் கொடுங்கள். சந்தியில் நிற்கும் ஓட்டோவைக் காட்டி, அது அவருடையது என்று சொல்வது போதாது. லீசிங் முடியாத ஓட்டோவில் கைவைக்க முடியாது, காரணம் அதன் உரிமையாளர் லீசிங் நிறுவனம். பலருக்கு இது மன்றில்தான் தெரியவருகிறது. வழக்கு வந்த பிறகு வள்ளத்தைத் தம்பி பெயருக்கு மாற்றியிருந்தால் மாற்றிய திகதியையும் எடுத்துக் கொடுங்கள். கட்ட வழி இல்லை என்ற அவர் பேச்சை நீதவான் எடைபோட அது உதவும்.

9. வெளிநாட்டில் இருந்தால்

கட்டார், சவூதி என்று போனவருக்கு இங்கே உள்ள பிடியாணையை அங்கே கொண்டுபோய்ப் பிடிக்க முடியாது. அதற்காக வழக்கைத் தூங்க விடாதீர்கள். நிலுவையைப் பதிவில் ஏற்றிக்கொண்டே இருங்கள், பிடியாணை உயிரோடு இருக்கட்டும். விடுமுறையில் ஊருக்கு வரும் மாதம் அநேகமாகச் சொந்தக்காரருக்கு முன்பே தெரியும். அந்த நேரம் பொலிஸுக்கும் உங்கள் சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள். இங்கே அவர் பெயரில் அசையும் சொத்து இருந்தால் எட்டாம் படி அப்படியே பொருந்தும்.

நீங்களே வேலைக்கு வெளிநாடு போகிறீர்கள் என்றால், போகும் முன் மன்றுக்கு அறிவித்துவிடுங்கள். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் பிள்ளைக்காகத் தாபரிப்புக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அம்மம்மாவிடம் பிள்ளையை விட்டுச் செல்கிறீர்கள் என்றால், காசு யார் கணக்குக்கு வர வேண்டும், தவணைக்கு யார் வருவார் என்பதைக் கோவையில் ஏற்றிய பிறகு விமானம் ஏறுங்கள்.

10. மேன்முறையீடு, கூட்டிக் கேட்பது, பிள்ளைக்கு 18 ஆவது

அவர் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்துவிட்டார், இனிக் கட்டத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேன்முறையீடு செய்ததால் மட்டும் தாபரிப்புக் கட்டளை நிற்காது. மேல் நீதிமன்றம் காரணம் எழுதி நிறுத்தினால்தான் நிற்கும். அப்படி ஒரு கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள்.

விலைவாசி ஏறிவிட்டது, பிள்ளை பெரிய வகுப்புக்குப் போய்விட்டது என்றால் தொகையைக் கூட்டும்படியும் கேட்கலாம். நிலுவையையும் கூட்டிக் கேட்பதையும் ஒரே நாளில் குழப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் நிலுவையை அசைத்துவிட்டு, பிறகு அதற்கென்று தனியாக, செலவுச் சிட்டைகளோடு விண்ணப்பியுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது வரும் முன் ஒரு முறை சட்டத்தரணியைச் சந்தியுங்கள். 18க்கும் 25க்கும் இடைப்பட்ட, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இது பெரிய உதவி. அங்க இயலாமை உள்ள பிள்ளைக்கு ஏற்பாடு தனியாகவே இருக்கிறது. பாடசாலை அல்லது பல்கலைக்கழகக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பழைய கட்டளையின் பிரதி, அன்று வரையான நிலுவைக் கணக்கு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பிறந்தநாளுக்கு மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே போங்கள்.